சந்தேகம் வராத சோதனைச்சாலை

தமிழ் விஞ்ஞானக் கதைகளைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: அவற்றில் வரும் விஞ்ஞானம் தப்பு. ஒளியை மிஞ்சிய வேகத்தில் போக முடியாது, மூளையைக் கழற்றி மாட்ட முடியாது, இத்யாதி. இது பள்ளிக்கூட வாத்தியாரின் குறை. கதையில் மனிதன் காலத்தின் பின்னால் போகட்டும், இயந்திர நாய் பேசட்டும், எனக்கு ஆட்சேபணை கிடையாது. தகவல் தப்பு என்பதால் மட்டும் ஒரு கதை செத்துப் போவதில்லை. என் குறை வேறு. நம் விஞ்ஞானக் கதைகளில் சோதனைச்சாலை இருக்கிறது, சோதனை இல்லை. கண்ணாடிக் குடுவையும் நீலப் புகையும் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் எழுத்துக்களும் இருக்கின்றன. அவற்றின் நடுவே நிற்கிறவனுக்கு, தான் நினைத்தது தப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் ஒரு தடவைகூட வருவதில்லை.

சோதனை என்று நான் சொல்வது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. மருந்து கொடுத்தவனையும் கொடுக்காதவனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. யாருக்குக் கொடுத்தது என்பதைப் பார்க்கிறவனிடம் மறைத்து வைப்பது. ஒருவன் செய்ததை இன்னொருவன் வேறோர் இடத்தில் செய்து பார்ப்பது. நடக்காமல் போனதையும் நோட்டில் எழுதுவது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் இதன் மிகச் சிறிய உருவம் ஒன்று தினமும் நடக்கிறது. நான் பதிந்த வவுச்சரை நானே பாஸ் செய்ய முடியாது. மேக்கர் ஒருவர், செக்கர் இன்னொருவர். என்னைத் திருடன் என்று யாரும் கருதவில்லை. தான் போட்ட கணக்கு எவனுக்கும் சரியாகத்தான் தெரியும் என்ற பழைய அனுபவம் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அளவுக்கருவியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும். அவர் போல்ட்டைக் கடைந்தவனை நம்புவதில்லை, போல்ட்டை அளக்கிறார். குமாஸ்தாவுக்கும் கடைசல்காரனுக்கும் தெரிந்த இந்த விஷயம் நம் கதைகளில் வரும் மகா விஞ்ஞானிகளுக்குத் தெரியாது.

எடுத்துக்காட்டாக, கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். 2010-இல் வந்த எந்திரன். வசீகரன் பத்து வருஷம் பாடுபட்டு ஓர் இயந்திர மனிதனை உண்டாக்குகிறான். ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு ஓர் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் தர வேண்டும். குழுவின் தலைவர் போரா. அவர் இயந்திரத்தின் கையில் கத்தியைக் கொடுத்து, உன்னை உண்டாக்கியவனையே குத்து என்கிறார். அது குத்தப் போகிறது. யார் சொன்னாலும் எதையும் செய்கிற ஒன்றை ராணுவத்தில் எப்படிச் சேர்ப்பது என்று போரா நிராகரிக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். தமிழ் விஞ்ஞானப் புனைவு முழுவதிலும் ஒரு உருப்படியான பரிசோதனை என்று நான் கண்டது இந்த ஒன்றுதான். கேள்வி சரியான கேள்வி. செய்முறை எளியது. முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது. பிற்பாடு படத்தில் நடக்கும் அத்தனை நாசமும் அந்த முடிவு சரி என்றே நிரூபிக்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனையைச் செய்கிறவன் யார்? வில்லன். பொறாமைக்காரன், பயங்கரவாதிகளுக்கு ரகசியமாக இயந்திரம் செய்து கொடுக்க முயல்பவன். சோதித்துப் பார்க்கிறவன் கெட்டவனாகத்தான் இருக்க முடியும் என்று படம் எடுத்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். அரங்கம் அதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருஷம் ஏழாம் அறிவு. மரபணுப் பொறியியல் படிக்கும் ஒரு பெண், ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்திய போதிதர்மரின் ஆற்றலை ஒரு சர்க்கஸ் கலைஞனின் உடம்பில் எழுப்பிவிடுகிறாள். எழுப்ப முடியுமா முடியாதா என்பது என் பிரச்னை இல்லை. ஒரே ஆள், ஒரே முறை, நடந்துவிட்டது, கைதட்டல். அவன் நோக்கு வர்மத்தால்தான் ஜெயித்தானா, கோபத்தால் ஜெயித்தானா என்று கேட்கத் தோன்றுகிறவன் தமிழ்த் துரோகி ஆகிவிடுவான். விஞ்ஞானத்தைப் புகழ்கிற பாவனையில் விஞ்ஞானத்தின் முதுகெலும்பை உருவி எடுத்துவிடுகிற வேலை இது.

சினிமாவை ஏன் இங்கே இழுக்கிறாய், அது வியாபாரம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சரி, அச்சுக்கு வருவோம். எந்திரன் வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2008-இல், இறந்துபோனார். தமிழில் விஞ்ஞானக் கதை என்றால் அவர்தான் என்று ஆகிவிட்டது. அவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. ஓர் இயந்திரம் வேலை செய்கிறது என்று சொல்வதற்கும், வேலை செய்கிறது என்று எதிராளியின் முன்னால் காட்டுவதற்கும் நடுவே எத்தனை மாதச் சலிப்பு இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த எழுத்தாளர் தமிழில் இல்லை. கணையாழியின் கடைசிப் பக்கங்களை எழுதியவர், நம் உலகமும் அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஆனந்த விகடனில் என் இனிய இயந்திரா எழுதியபோது என்ன செய்தார்? ஜீனோ என்கிற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, வாரத்துக்கு வாரம் மனிதத்தனம் பெறுகிறது. அழகான கற்பனை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உண்மையில் புரிகிறதா, புரிவதுபோலப் பேசுகிறதா என்று கதைக்குள் யாரும் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதில்லை. இந்தக் கேள்வி இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்பே அதைத் தமிழில் கேட்டிருக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார், கேட்கவில்லை. அறிவுக் குறைவு காரணமில்லை. வாரப் பத்திரிகை காரணம். தொடர்கதையின் ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அதிசயத்தில் முடிய வேண்டும். விஞ்ஞானத்தின் அத்தியாயங்களோ பெரும்பாலும் 'ஒன்றும் ஆகவில்லை, மறுபடி செய்ய வேண்டும்' என்றுதான் முடியும். அப்படி முடிகிற அத்தியாயத்தின் அடியில் 'தொடரும்' என்று போட எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார். தனக்குத் தெரிந்ததில் ஆகச் சிறந்ததை வாசகனிடமிருந்து சுஜாதா ஒளித்து வைத்தார் என்பதே அவர் மீது என் வழக்கு.

இதற்கு வாரப் பத்திரிகைக்கும் முந்திய வேர் ஒன்று இருக்கிறது. நம் கதை மரபில் ஆற்றல் என்பது தவத்தால் வருவது. பத்து வருஷம் தனிமை, தாடி, காதலியிடம் பாராமுகம், கடைசியில் வரம். வசீகரனின் சோதனைச்சாலை ஆசிரமம்தான். குடுவைக்குப் பதில் கமண்டலம் வைத்தாலும் கதை மாறாது. வரத்தை யாரும் சோதிப்பதில்லை. சோதித்துப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும். பஸ்மாசுரன். தலையில் கை வைத்தால் எரியுமா என்று வரம் கொடுத்தவர் தலையிலேயே பார்க்க நினைத்தான். அவன் அசுரன். போரா அவன் வம்சம். சாட்சாத் சிவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரனை நாம் கொண்டாடுவது உண்மைதான். அவன் நெற்றிக்கண்ணில் வெந்து, பொற்றாமரைக் குளத்தில் விழுந்து, வணங்கி எழுந்த பிறகு கொண்டாடுகிறோம்.

எனவே, நம் மண்ணில் சோதனை என்பதே அன்னியம், அதை எழுத நமக்கு அனுபவம் கிடையாது என்று ஒரு வாதம் கிளம்பும். இதுதான் எனக்குக் கோபமூட்டுகிற வாதம். இதை எழுதுகிற அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் லோக்கலில் ஏறினால், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர் வருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும், 1968-க்கும் 1971-க்கும் நடுவே, பி.சி.ஜி. தடுப்பூசிக்கு உலகத்தில் அதுவரை நடந்த பரிசோதனைகளில் ஆகப் பெரியது தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையும் துணை நின்றன. ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஜனத்தொகை. வீடு வீடாகப் பதிந்து, இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எந்தக் குப்பியில் எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப அதே ஊர், அதே வீடு, மார்பு எக்ஸ்ரே, சளி. எக்ஸ்ரேயைப் படித்தவருக்கும் அது யாருடைய நெஞ்சு, என்ன ஊசி என்று தெரியாது.

பி.சி.ஜி. அப்போது சந்தேகிக்கப்பட்ட மருந்தல்ல. சர்க்கார் நம்பியது. கிண்டியில் அதற்கென்றே ஒரு தயாரிப்புக் கூடம் 1948 முதல் இருந்தது. பிரிட்டனில் நடந்த பரிசோதனை நல்ல முடிவு தந்திருந்தது. ஆனால் அமெரிக்காவில் சில இடங்களில் பலன் தெரியவில்லை என்பதால்தான் இங்கே இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். ஏழரை வருஷக் கணக்கு 1979-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை, இந்த ஊர்களில், பி.சி.ஜி. தடுக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மேலும் பொறுத்திருந்து பதினைந்து வருஷக் கணக்கையும் பார்த்து 1999-இல் வெளியிட்டார்கள். அதுவும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காச வகைகளை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். செங்கல்பட்டு கேட்ட கேள்விக்கு விடை மட்டும் 'இல்லை' என்பது.

தாங்கள் நம்பிய ஒன்றை, தங்கள் சர்க்காரே ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்த ஒன்றை, ஒரு தலைமுறைக் காலம் நடந்து நடந்து சோதித்து, பலிக்கவில்லை என்று எண்ணி எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். இதைவிடப் பெரிய நாடகம் எந்திரனில் எங்கே இருக்கிறது? குப்பியில் மருந்தா வெறும் நீரா என்று தெரியாமல் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சுகாதார ஊழியனை நினைத்துப் பாருங்கள். 'தம்பி, இது நல்ல ஊசிதானே?' என்று ஒரு தாய் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. பொய் சொன்னால் அவன் மனசு கேட்காது. அவள் வீட்டுக்கு அவன் இரண்டரை வருஷம் கழித்துத் திரும்பவும் போக வேண்டும். எனக்குத் தெரிந்த எந்தத் தமிழ்க் கதையிலும் இவன் இல்லை.

இதெல்லாம் சர்க்கார் அறிக்கை, இலக்கியம் ஆகாது என்பார்கள். ஆகும். சின்க்ளேர் லூயிஸ் 1925-இல் ஏரோஸ்மித் என்ற நாவலை எழுதினார். அதற்கு விஞ்ஞான விவரங்கள் சொல்லிக் கொடுத்தவர் பால் டி க்ரைஃப் என்கிற நுண்ணுயிரியலாளர். அதன் நாயகன் பிளேக் பரவிய ஒரு தீவுக்கு மருந்துடன் போகிறான். பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் மருந்து பலிக்கிறதா என்று தெரியும். அவன் குருநாதர் அவனிடம் வாங்கியிருக்கும் உறுதி அது. மனைவி பிளேக்கில் சாகிறாள். துக்கத்தில் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிடுகிறான். ஜனங்கள் அவனைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். மருந்து பலித்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, அது அவனுக்கு மட்டும் தெரியும். நம் ஊரில் இந்தக் கதையை எழுதியிருந்தால் அவன் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் இடத்தில் பாட்டு வந்திருக்கும். லூயிஸுக்கு அது வீழ்ச்சி. கருணையும் உண்மையும் மோதிக்கொள்கிற இந்த இடத்துக்குள் நுழைய, ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வட்டத்துக்குள்ளேயே இன்னொரு மறுப்பு உண்டு, அது கொஞ்சம் கனமானது. விஞ்ஞான முறை என்பதே மேலை நாட்டு அதிகாரத்தின் கருவி, ஏழை கிராமத்தான் உடம்பை எண்ணாக மாற்றுகிறது, நவீனத்துவம் அதைக் கேள்வி கேட்கத்தான் வந்தது என்கிறார்கள். கேட்கட்டும். மருந்தில்லாத ஊசியை ஏன் திருவள்ளூர்க் குடியானவனுக்குப் போட வேண்டியிருந்தது, யார் அவனிடம் எந்த மொழியில் சம்மதம் கேட்டார்கள் என்பவை கேட்கத்தக்க கேள்விகள்தான். ஆனால் நண்பர்களே, அந்தக் கேள்வியைக்கூட நீங்கள் கேட்கவில்லை. வெறும் ஊசி எதற்கு என்று தெரிந்தவன்தான் வெறும் ஊசியின் அநீதியைப் பற்றி எழுத முடியும். ஃபூக்கோவின் பெயரைச் சொல்வதால் அது வந்துவிடாது. மேலும், அதிகாரத்துக்குப் பிடிக்காதது சோதனைதான். அதிகாரத்துக்கு வேண்டியது அதிசயம், திறப்பு விழா, ரிப்பன்.

ஆவடிக்காரர்களுக்கு இது தெரியும். அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது. ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் அதை வடிவமைத்தது. பாலைவன வெயிலில் எஞ்சின் திணறுவதும், திரும்பி வருவதும், மாற்றுவதும், மறுபடி மணலில் ஓட்டுவதுமாக வருஷங்கள் போயின. 2010-இல் ராஜஸ்தானில் ரஷ்ய டி-90க்குப் பக்கத்தில் வைத்து அதை ஓட்டிப் பார்த்தார்கள். அதே 2010-இல்தான், ராணுவத்துக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் வசீகரனைப் பார்க்க ஆவடித் தியேட்டர்களில் கூட்டம் முண்டியது. முப்பத்தாறு வருஷம் நட்டும் போல்ட்டுமாகக் கழித்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கக்கூடும். அவரைப் பற்றி நாம் ஒரு சிறுகதைகூட எழுதவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1996-இல் மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோல் ஆக்குகிறேன் என்று ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பத்திரிகைகள் கிராமத்து மேதை என்று கொண்டாடின. கட்டுப்பாட்டுடன் செய்து காட்டுங்கள் என்று கேட்ட விஞ்ஞானிகள், தமிழன் முன்னேறுவது பொறுக்காத பொறாமைக்காரர்களாகப் பார்க்கப்பட்டார்கள். போராவின் முகம் பதினாலு வருஷம் முன்பே தயாராக இருந்தது. சோதனையில் அந்தப் பெட்ரோல் நிற்கவில்லை. அதன் பிறகு 2021 ஜனவரி. கோவாக்சினுக்கு, மூன்றாம் கட்டச் சோதனையில் அது எவ்வளவு பலிக்கிறது என்ற கணக்கு வெளிவருமுன்பே, அவசர அனுமதி கொடுத்தார்கள். பிற்பாடு வந்த கணக்கு சாதகமாக இருந்தது என்பது வேறு விஷயம். கணக்கு வருவதற்குள் ஏன் என்று கேட்க வேண்டிய நேரம் அது. ஒரு பக்கம் தேசபக்தி, இன்னொரு பக்கம் ஊசியே வேண்டாம் என்கிற வதந்தி. இரண்டுக்கும் நடுவே, 'ஊசி வேண்டும், கணக்கும் வேண்டும்' என்று சொல்ல ஒரு சாதாரணத் தமிழ் வாசகனுக்கு வார்த்தை இருக்கவில்லை. நாற்பது வருஷம் விஞ்ஞானக் கதை படித்தவன் அவன். அவனுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்திருக்க வேண்டியது கதை.

கடைசியாக நம்மைப் பற்றி. வாரப் பத்திரிகைகளைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவது நம் வழக்கம். நம் சோதனைச்சாலை எப்படி இருக்கிறது? இங்கே நண்பரின் கவிதைக்கு நண்பர் மதிப்புரை எழுதுகிறார். அடுத்த இதழில் கைம்மாறு. மேக்கரும் செக்கரும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். பெரிய பெயர்கள் சரிந்தன, சில்லறைக் கவிதைகள் உயர்ந்தன. 1929-இல் அதை அப்படியே புத்தகமாகப் போட்டார். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த அத்தனை பேருக்கும் இந்த விஷயம் பரீட்சைக்குத் தெரியும், அதற்கப்பால் தெரியாது. விமர்சனத்திலேயே பெயரை மூடி வைத்துப் பார்க்கத் துணியாத நாம், கதையில் அதைச் செய்யும் மனிதனை எப்படி எழுதப் போகிறோம்?

எனவே ஒரு கோரிக்கை. இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழ்களில் சில கவிதைகளைப் பெயரில்லாமல் அச்சிடுங்கள். அதே இதழில் அவற்றைப் பற்றிய அபிப்பிராயங்களையும் கேளுங்கள். பெயர்களை ஓர் இதழ் கழித்து வெளியிடுங்கள். யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். கதை எழுதுகிறவர்கள் ஒரு நாள் லீவு போட்டுத் திருவள்ளூர் போய் வரட்டும். அந்த ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் இன்று அறுபதைத் தொட்டிருப்பார்கள். தாங்கள் போட்டுக்கொண்டது மருந்தா, வெறும் ஊசியா என்று அவர்களில் யாராவது எப்போதாவது யோசித்ததுண்டா என்று விசாரிக்கட்டும். விசாரித்ததைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்தாமல் எழுதட்டும்.